இடுப்புக் கத்தி: கேட்டதும் சொன்னதும்

தோட்டம், மலையேற்றம், கூடார வாசம் என்று போகிறவர்கள் உறையில் போட்டு இடுப்பில் மாட்டிக்கொள்ளும் மடங்காத கத்தியைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறைய வந்துவிட்டது. நான் கத்தி விற்பவன் இல்லை, கொல்லனும் இல்லை. இருபது வருடமாகத் தோட்டத்தில் தினமும் கத்தி பிடிக்கிறவன். என் தகுதி அவ்வளவுதான்.

தேனியிலிருந்து: அண்ணா, முதல் கத்தி வாங்கப் போகிறேன். பத்து அங்குலம், முதுகில் ரம்பப் பல்லோடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?

வேண்டாம் தம்பி. ஒரு நாளில் கத்தியால் என்னென்ன செய்கிறீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். கயிறு அறுப்பது, சாக்குத் தையல் பிரிப்பது, மூங்கில் குச்சி சீவுவது, வெங்காயம் நறுக்குவது. எல்லாமே நாலு அங்குல அலகில் முடிகிற வேலை. அலகு நீள நீள முனை கையை விட்டுத் தள்ளிப்போகிறது, நுணுக்கமான வேலை வராது. கிளை கழிக்கத்தான் வீட்டில் அரிவாள் இருக்கிறதே.

முதுகில் இருக்கும் பல் பார்க்க மிரட்டலாக இருக்கும். மரத்தில் வைத்தால் இரண்டு இழுப்பில் கடித்துக்கொண்டு நின்றுவிடும். அதைவிடப் பெரிய தொல்லை, சீவும்போது முதுகில் கட்டைவிரலை வைத்து அழுத்த இடமில்லாமல் போகும்.

நானும் இப்படி ஒன்றில் ஏமாந்தவன்தான். பிடிக்குள் வெற்றிடம், அதில் தூண்டில் முள், தீப்பெட்டி, மூடியில் திசைகாட்டி. மூன்றாவது நாள் காய்ந்த வேலங்குச்சியைச் சீவும்போது அலகு ஒரு பக்கம், பிடி ஒரு பக்கம். திசைகாட்டி மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

கோவையிலிருந்து: சரி, பெயர் சொல்லி ஒன்று சொல்லுங்களேன்.

சுவீடனில் டாலர்னா மாகாணத்தில் மோரா என்று ஒரு ஊர். 1891லிருந்து அங்கே கத்தி செய்கிறார்கள். அவர்களுடைய ‘கம்பேனியன்’ என்ற மாடலைத்தான் முதல் கத்தியாக எல்லோருக்கும் சொல்வேன். அலகு 10 சென்டிமீட்டருக்குச் சற்று மேல், கனம் 2.5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் உறை, ரப்பர் பிடி. அழகில்லை. ஆனால் ஈரக் கையில் நழுவாது, தக்காளி முதல் தைல மரக் குச்சி வரை வெட்டும். முரட்டு வேலைக்கு ‘ஹெவி டியூட்டி’ என்று 3.2 மில்லிமீட்டரில் ஒன்று உண்டு. தடிமன் கூடினால் பலம் கூடும், ஆனால் காய்கறி நறுக்கும்போது நறுக்காமல் பிளக்கும். இரண்டில் மெல்லியதற்கே என் ஓட்டு.

நாகப்பட்டினத்திலிருந்து: கார்பன் ஸ்டீல் நல்லதா, ஸ்டெயின்லெஸ் நல்லதா?

கடற்கரை ஊருக்கு ஸ்டெயின்லெஸ். யோசிக்கவே வேண்டாம்.

கடலை விட்டுத் தள்ளி இருப்பவர்கள் கார்பன் வாங்கலாம். சீக்கிரம் தீட்ட வரும். முதுகின் ஓரம் மழுங்காமல் கூராக இருந்தால் தீத்தட்டியில், அதாவது உரசினால் பொறி பறக்கும் கம்பியில், உரசிப் பொறியும் எடுக்கலாம். ஆனால் கவனிப்பு கேட்கும். முதல் நாள் மாங்காய் நறுக்கினாலே நீலமும் சாம்பலுமாகக் கறை படியும். அது துரு இல்லை, பயப்பட வேண்டாம். ஒரு வகையில் துருவுக்கு அதுவே காவல். செம்பழுப்பாகப் பொடி உதிர்ந்தால்தான் துரு. வேலை முடிந்ததும் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தடவினால் போதும். மாதக்கணக்கில் உள்ளே வைப்பதானால் தையல் மெஷின் எண்ணெய் நல்லது, பிசுக்கு ஏறாது. தோல் உறைக்குள் வைத்து மட்டும் பூட்டாதீர்கள். மழைக்காலத்தில் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

சேலத்திலிருந்து: ‘ஃபுல் டேங்’ இல்லாத கத்தி உடைந்துவிடும் என்கிறார்களே?

அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடினால் அது ஃபுல் டேங். கம்பேனியனில் அப்படி இல்லை, பிடிக்குள் கொஞ்ச தூரம் போய் நின்றுவிடும். கத்தியை விறகில் வைத்துக் கட்டையால் அடித்துப் பிளக்கிறவர்களுக்கு ஃபுல் டேங் தேவை. அதே கம்பெனியின் ‘கார்பெர்க்’ அந்த ரகம். மற்றவர்களுக்கு இது வீண் கவலை. கத்தியைக் கடப்பாரையாக நெம்பினால் எந்த டேங்கும் காப்பாற்றாது. இளநீர் ஓட்டில் கொத்தினால் விளிம்பு பல் விழும். இளநீருக்கு அரிவாள்.

திருச்சியிலிருந்து: எவ்வளவு தீட்டினாலும் கூர் வரவில்லை சார். கல் சரியில்லையா?

கல்லில் குற்றம் இருக்காது. பத்துக்கு ஒன்பது பேர் கூர் விளிம்பைத் தொடாமல் அதற்கு மேலேயே தேய்த்துக்கொண்டிருப்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. கறுப்பு மார்க்கர் பேனாவால் விளிம்பு ஓரமாக மை பூசுங்கள். கல்லில் நாலு இழுப்பு இழுத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். ஓரத்தில் மை அப்படியே இருந்தால் கோணம் தாழ்வு, முதுகைக் கொஞ்சம் தூக்குங்கள். ஓரத்தில் மட்டும் மை போய் மேலே இருந்தால் தூக்கியது அதிகம்.

மோரா மாதிரிக் கத்தியில் இந்தத் தொல்லை குறைவு. அலகின் பாதியிலிருந்து கூர் வரை ஒரே சரிவு. அந்தச் சரிவைக் கல்லில் அப்படியே படுக்க வைத்தால் கோணம் தானாக அமையும்.

ஒரு பக்கம் 400, மறுபக்கம் 1000 என்று உள்ள தண்ணீர்க்கல் ஒன்று போதும். அது கல்லின் சொரசொரப்பைச் சொல்லும் எண், எண் கூடினால் கல் நைசு. பத்து நிமிடம் ஊற வையுங்கள். 400இல் ஒரு பக்கத்தை மட்டும் தேயுங்கள். எத்தனை முறை என்று எண்ணாதீர்கள். மறுபக்கத்தில் விரல் நுனியை முதுகிலிருந்து ஓரத்தை நோக்கி மெல்ல இழுத்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும், சட்டை நூல் மாட்டுகிற மாதிரி. அடியிலிருந்து முனை வரை அது தட்டுப்படும் வரை பக்கத்தை மாற்றக் கூடாது. பலர் கோட்டை விடுவது இங்கேதான்: நடுவில் பிசிறு வந்ததும் திருப்பிவிடுவார்கள், முனை மொட்டையாகவே இருக்கும். அப்புறம் மறுபக்கம், அடுத்து 1000இல் இதே கதை, அழுத்தம் மட்டும் குறைவாக. கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் முதுகுப் பக்கமாக இருபது இழுப்பு. செய்தித்தாள் சத்தமில்லாமல் அறுபட்டால் வேலை முடிந்தது. கரகரவென்று கிழிந்தால் பிசிறு இன்னும் போகவில்லை.

தெருவில் வருகிற சாணைக்காரரிடம் இந்தக் கத்தியைக் கொடுக்க வேண்டாம். அவர் கைத்திறனைக் குறை சொல்லவில்லை. வேகமாகச் சுற்றும் சக்கரத்தில் மெல்லிய விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்தால் அந்த இடத்தில் தோய்ச்சல், அதாவது காய்ச்சித் தோய்த்து இரும்புக்கு ஏற்றிய கடினம், போய்விடும், கூர் நிற்காது.

சிவகங்கையிலிருந்து: வெளிநாட்டுக் கத்தி எதற்கு? எங்கள் ஊர்ப் பட்டறையில் செய்ய மாட்டார்களா?

திருப்பாச்சேத்தியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வி நியாயம்தான். தாராளமாகச் செய்யச் சொல்லுங்கள். லாரி ஸ்பிரிங் பட்டையில் அடித்தால் இரும்பைப் பற்றிக் கவலையே வேண்டாம். ஆனால் அரிவாள் அடித்துப் பழகிய கை, கத்தியையும் கனமாகவே அடிக்கும். “மூன்று மில்லிமீட்டருக்கு மேல் வேண்டாம்” என்று அட்டையில் வரைந்து, வெட்டிக் கொடுத்துவிடுங்கள். நான் வாயால் சொல்லிவிட்டு வந்து, குட்டி அரிவாள் ஒன்றை வாங்கி வந்தேன்.

ஈரோட்டிலிருந்து: ஆன்லைனில் ‘டமாஸ்கஸ்’ என்று அலகில் அலை அலையாக வரி ஓடும் கத்தி அழகாக இருக்கிறதே?

அழகுதான். பழைய டமாஸ்கஸ் வாள்களுக்கு உருக்குக் கட்டி நம் தென்னிந்தியாவிலிருந்து போனது. இப்போது விற்பது வேறு, இரண்டு வகை இரும்பை அடுக்கி அடித்து அமிலத்தில் நனைத்தது. எந்த இரும்பு என்று சொல்லாத கடையில் வாங்காதீர்கள்.

நீலகிரியிலிருந்து: காட்டுக்குள் கொண்டுபோனால் பிடிப்பார்களா?

சரணாலயம், தேசியப் பூங்கா என்றால் கொண்டுபோகவே கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் ‘ஆயுதம்’ என்பதற்குள் கத்தியும் வருகிறது. தலைமை வனவிலங்குக் காப்பாளரின் எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு உள்ளே நுழைவது குற்றம். வெங்காயம் நறுக்க என்று சொல்லிப் பயனில்லை. மற்றபடி அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்றால் ஆயுத விதிகளின் பட்டியலுக்குள் போகும். வீட்டுக்கும் விவசாயத்துக்கும் தொழிலுக்கும் என்று செய்தவைக்கு விலக்கு உண்டு. நாலு அங்குலம் அந்த அளவுக்குள் வராது. அதற்காகப் பேருந்து நிலையத்தில் இடுப்பில் தொங்கவிட்டு நிற்காதீர்கள், பைக்குள் இருக்கட்டும். விமானத்தில் கைப்பையில் விட மாட்டார்கள்.

லண்டனிலிருந்து: இங்கே காரில் வைத்திருக்கலாமா அண்ணா?

மடங்காத கத்தி எந்த நீளமானாலும், தகுந்த காரணம் இல்லாமல் பொது இடத்தில் வைத்திருப்பது அங்கே குற்றம். முகாமுக்குப் போகிற அன்று பெட்டியின் அடியில் வையுங்கள். திரும்பியதும் காரிலிருந்து எடுத்துவிடுங்கள், மறந்துவிட்டேன் என்பது காரணமாகாது.

மதுரையிலிருந்து: பத்து வயது மகன் கத்தி கேட்கிறான். கொடுக்கலாமா?

கொடுங்கள் அம்மா, கூட உட்கார முடிந்தால். மொட்டைக் கத்தி கொடுக்காதீர்கள், அதை அழுத்திப் பிடிப்பான், வழுக்கும். மடியில் வைத்துச் சீவ விடாதீர்கள். தொடையின் உள்பக்கம் பெரிய ரத்தக்குழாய் ஓடுகிறது. முழங்கையை முழங்காலில் ஊன்றி, கால்களுக்கு வெளியே சீவச் சொல்லுங்கள். உறையில் போடும்போது உறையின் வாயைக் கை பொத்தியிருக்கக் கூடாது. என் இடது ஆள்காட்டி விரலில் மூன்று தையல் அப்படி வந்ததுதான்.

கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும், கீழே வை, எடுத்துக்கொள்கிறேன் என்று பாட்டி சொல்வார்களே, அதையும் பழக்கிவிடுங்கள். சண்டை வருமோ என்னவோ, விரல் தப்பும். முதலில் சோப்புக் கட்டியைச் சீவட்டும், அப்புறம் முருங்கைக் குச்சி.