லாயியே போகிறீர்களா? தீவுக் கிராமங்கள் பற்றிச் சில கேள்விகள்

ஹவாய் பயணம் பற்றி எனக்கு வருகிற கடிதங்களில் பாதி, ஓஆஹு தீவின் லாயியே ஊரில் இருக்கும் பாலினீசியப் பண்பாட்டு மையத்தைப் பற்றித்தான். சமோவா, டோங்கா, ஃபிஜி போன்ற பசிபிக் தீவுகளின் வாழ்க்கையை ஆறு மாதிரிக் கிராமங்களாக அமைத்துக் காட்டும் இடம் அது. இந்த முறை சிலவற்றுக்குப் பதில்.

ஹொனலூலு நகரின் வைக்கிக்கி கடற்கரையில் தங்குகிறோம். ஞாயிறு ஒரு நாள்தான் காலியாக இருக்கிறது. போகலாமா?

போனால் பூட்டைப் பார்த்துவிட்டு வரலாம். மையம் மோர்மன் என்ற கிறிஸ்தவத் திருச்சபையுடையது. ஞாயிறு திறக்க மாட்டார்கள். புதனும் மூடுவது உண்டு, தேதியைப் பார்த்துவிட்டுச் சீட்டு வாங்குங்கள். வைக்கிக்கியிலிருந்து சுமார் 56 கி.மீ., காரில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். நகரப் பேருந்திலும் போகலாம், ஆனால் இரவுக் காட்சி முடிந்து தூங்கி வழியும் குழந்தைகளோடு பஸ்ஸுக்குக் காத்திருக்க வேண்டாம். போக வர சுற்றுலாப் பேருந்தையும் சேர்த்தே பதிவு செய்துவிடுங்கள். அப்புறம், உள்ளே மது கிடையாது.

எல்லாம் சுற்றுலாக்காரர்களுக்காகப் போடும் வேஷம்தானே?

வேஷம்தான், மறுக்கவில்லை. ஆனால் போடுவது யார் என்று பாருங்கள். 1940-இல் இந்த ஊர் தேவாலயம் எரிந்துபோனது. அதைத் திரும்பக் கட்ட, 1948-இல் ஊர்க்காரர்கள் கரைவலை இழுத்து, விருந்தும் ஆட்டமும் வைத்து, பார்க்க வந்தவர்களிடம் காசு திரட்டினார்கள். அந்த வழக்கத்தின் தொடர்ச்சியாகத்தான் 1963 அக்டோபரில் மையம் திறந்தது. பக்கத்திலேயே திருச்சபையின் பல்கலைக்கழகம். சமோவா, டோங்கா என்று தீவுகளிலிருந்து வந்து படிக்கும் பிள்ளைகள் இங்கே ஆடி, படகு தள்ளி, படிப்புச் செலவைச் சமாளிக்கிறார்கள். ஆட்டம் முடிந்ததும் எழுந்து ஓடாமல், "உங்கள் ஊர் எது?" என்று ஒருவரிடம் கேளுங்கள். மேடையில் சொல்லாததெல்லாம் அப்போதுதான் வரும். ஹவாயின் பழம்பொருள்களையும் வரலாற்றையும் பார்க்க வேண்டுமானால் ஹொனலூலுவில் 1889-இல் தொடங்கிய பிஷப் அருங்காட்சியகத்துக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள்.

நாங்கள் சுத்த சைவம். லூஆவ் என்ற ஹவாய் விருந்துக்குப் பணம் கட்டலாமா?

என்னைக் கேட்டால் வேண்டாம். குழியில் கல்லைச் சுட வைத்து, இலை மூடி வேகவைத்த பன்றிதான் அங்கே நாயகன். அதையாவது பார்த்தவுடன் தெரிந்துகொண்டு ஒதுங்கலாம். தக்காளி வெங்காயப் பச்சடி மாதிரி இருப்பதில் உப்பிட்ட சால்மன் மீன் இருக்கும்; சேமியா மாதிரி இருப்பதில் கோழி இருக்கும். ஹவாய்ப் பதார்த்தங்களில் நீங்கள் நம்பிச் சாப்பிடக்கூடியவை 'போய்' (poi), 'ஹௌபியா' (haupia) இரண்டும். 'போய்' என்பது நம் சேப்பங்கிழங்கேதான். வேகவைத்து இடித்துக் குழைத்த ஊதா நிறக் கூழ். ஓரிரு நாள் வைத்தால் பழைய சோறு போல லேசாகப் புளிக்கும். முதல் வாயில் பிடிக்காது, தயிர்ப் பிரியர்களுக்கு மூன்றாவது வாயில் பிடித்துவிடும். ஹௌபியா, தேங்காய்ப்பாலைக் கெட்டியாக்கி வெட்டிய துண்டு.

ஆறு கிராமங்களையும் ஒரே நாளில் பார்த்துவிட முடியுமா?

காலால் முடியும். கிராமங்கள் திறப்பதே மதியம்தான், மாலையில் மூடிவிடுவார்கள். மூன்றைத் தேர்ந்தெடுத்து உட்கார்ந்து பாருங்கள். சமோவாவை விடாதீர்கள். கூரான குச்சியில் குத்தித் திருகி மட்டை உரிப்பதும், கல்லால் ஒரே தட்டில் தேங்காயைப் பிளப்பதும், பலகையில் உட்கார்ந்து துருவி, துருவலை நாரில் வைத்துப் பால் பிழிவதும் நம் பாட்டி வீட்டுப் பின்கட்டை ஞாபகப்படுத்தும். அதையே அங்கே செய்து காட்டும் இளைஞர் நகைச்சுவை நிகழ்ச்சியாக நடத்துவார்.

ஃபிஜி கிராமத்தில் தமிழர் வாழ்க்கையைக் காட்டுவார்களா?

அது ஃபிஜியின் பூர்வகுடிகளுக்கான இடம். 1903 முதல் சென்னையிலிருந்து கப்பலேறிய ஒப்பந்தக் கூலிகளின் கதைக்கு நீங்கள் ஃபிஜிக்கே போக வேண்டும். நாடி ஊரின் சுப்பிரமணிய சுவாமி கோயிலில் தொடங்கலாம். இன்னொன்று: ஃபிஜி பாலினீசியாவில் அல்ல, அதற்கு மேற்கே உள்ள மெலனீசியா என்ற தீவுக்கூட்டத்தில் சேர்ந்தது. டோங்காவோடும் சமோவாவோடும் உள்ள பழைய உறவால் இங்கே இடம் பிடித்திருக்கிறது.

நியூசிலாந்து மாவோரிகளின் ஹாக்கா ஆட்டத்தில் நாக்கை நீட்டுவதைப் பார்த்து என் பையன் சிரித்தால்?

சின்னப் பிள்ளை சிரித்தால் யாரும் கோபிக்க மாட்டார்கள். கூட வந்த பெரியவர்கள் நாக்கை நீட்டி செல்ஃபி எடுப்பதுதான் கூச்சமாக இருக்கிறது. மாவோரிகளுக்கு அது சவாலும் மரியாதையும். முன்கூட்டியே பையனிடம் சொல்லி வையுங்கள்.

மழை வந்தால்?

வரும், போகும். குடையை விரித்தால் பின்வரிசைக்காரர் திட்டுவார். மெல்லிய மழைக்கோட்டு போதும்.