திருடனைக் கட்டிவைத்த மின்கம்பமும் உங்கள் மகனின் கைப்பேசியும்

கேள்வி: எங்கள் ஊரில் இரண்டு மாதமாக ஆடுகள் களவு போகின்றன. போன வாரம் நள்ளிரவில் பைக்கில் சுற்றிய வெளியூர்க்காரர் ஒருவரை இளைஞர்கள் மடக்கி, மின்கம்பத்தில் கட்டி அடித்துவிட்டார்கள். கை எலும்பு முறிந்து அவர் மருத்துவமனையில் இருக்கிறார். வீடியோவில் தெரிகிறவர்களைப் போலீஸ் தேடுகிறது. என் மகன் அடிக்கவில்லை, படம் மட்டும்தான் பிடித்தான். அவனுக்குச் சிக்கல் வருமா? திருடனைப் பிடிப்பதே குற்றமா? போலீஸில் விட்டால் இரண்டே நாளில் வெளியே வந்துவிடுகிறானே?
- முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்

பதில்: ‘பொதுமக்கள் தர்ம அடி கொடுத்து போலீஸில் ஒப்படைத்தனர்’ என்ற செய்தியைப் படித்துப் படித்து, அடிப்பதும் சட்ட நடைமுறையில் ஒரு படி என்றே நம் ஊர்களில் நினைத்துவிட்டார்கள். குற்றவியல் வழக்குகள் நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த அடியால் அதிகம் பயனடைகிறவன் திருடன்தான்.

பைக்கில் ஆடு இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. எல்லாம் அதில்தான் இருக்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆவது பிரிவு, சாதாரணக் குடிமகனுக்கும் ஒருவரைப் பிடித்து நிறுத்தும் அதிகாரம் தருகிறது. ஆனால், போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றத்தை அவர் உங்கள் கண்ணெதிரே செய்திருக்க வேண்டும், அல்லது அவர் நீதிமன்றத்தால் தேடப்படும் குற்றவாளியாக அறிவிக்கப்பட்டவராக இருக்க வேண்டும். பிடித்தவரைத் தாமதமின்றி, அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸிடம் ஒப்படைக்கவும் வேண்டும். ஆட்டைத் தூக்கும்போது கையும் களவுமாகப் பிடித்திருந்தால் இந்தப் பிரிவு உங்களுக்குத் துணை நிற்கும். வெளியூர்க்காரர் இரவில் சுற்றினார் என்பது சந்தேகம் மட்டுமே. வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 100க்கோ 112க்கோ தகவல் சொல்லலாம், அதற்குமேல் உரிமை இல்லை.

சொத்தைக் காக்கத் தேவையான அளவு பலம் பயன்படுத்தலாம் என்பதும் உண்மை. அவன் கயிற்றில் கட்டுண்ட பிறகு காக்க என்ன இருக்கிறது? அதன் பிறகு விழும் ஒவ்வோர் அடியும் தனிக் குற்றம். எலும்பு முறிந்தால் சட்டத்தின் கண்ணில் அது கொடுங்காயம், ஏழாண்டு வரை சிறை.

இனி, திருட்டு வழக்கு எப்படிக் கெடுகிறது என்று பாருங்கள். கைதானவரை மருத்துவர் பரிசோதித்துக் காயங்களை எழுதிவைப்பார். அடிபட்டவர் தரப்பில் எதிர்ப் புகார் வரும். ஆட்டைப் பறிகொடுத்தவர், பிடித்தவர், பார்த்தவர் எல்லோரும் அந்த வழக்கில் எதிரிகள், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள், ஆகிவிடுவார்கள். பிறகு கூண்டேறிச் சாட்சி சொல்ல யார் வருவார்கள்? கம்பத்தில் கட்டிவைத்து வாங்கிய ஒப்புதலை நம்பி ஒரு வழக்கும் நிற்காது. வலி தாங்காதவன், சீக்கில் செத்த ஆட்டையும் நானே திருடினேன் என்பான்.

ஆளே தவறு என்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே உதாரணம் இருக்கிறது. 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குப் போன சென்னைக் குடும்பம் ஒன்று, வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. குழந்தை கடத்தும் கும்பல் என்ற வாட்ஸ்அப் வதந்தி அப்போது ஊரெல்லாம் பரவியிருந்தது. கூட்டம் துரத்தி அடித்ததில் 65 வயது மூதாட்டி இறந்துபோனார். அதே ஆண்டு பிப்ரவரியில், நம் கோவை எல்லையை ஒட்டிய கேரளத்து அட்டப்பாடியில், அரிசி திருடியதாகச் சொல்லிப் பழங்குடி இளைஞர் ஒருவரைக் கட்டிவைத்து அடித்தே கொன்றார்கள். கூடவே நின்று செல்ஃபியும் எடுத்தார்கள். சாட்சிகள் பலர் பிறழ்ந்த பிறகும், 2023இல் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்றது. அவர்களில் 13 பேருக்கு ஏழாண்டுக் கடுங்காவல்.

‘இரண்டு நாளில் வெளியே வருகிறான்’ என்ற கோபம் எனக்கும் புரிகிறது. ஆனால் ஜாமீன் என்பது விடுதலை அல்ல, வழக்கு அப்படியேதான் இருக்கும். அது முடிவில் தோற்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஊரில் ஒருவரும் எழுத்தில் புகார் தராததுதான். இரண்டு மாதத்தில் எத்தனை பேர் ஆட்டைப் பறிகொடுத்தார்கள், புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் சி.எஸ்.ஆர். ரசீது எத்தனை பேர் கையில் இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஆட்டின் நிறம், காது வெட்டு அடையாளம், வாங்கிய விலை, இருந்தால் ஒரு படம் ஆகியவற்றோடு புகார் கொடுங்கள். எஃப்.ஐ.ஆர். பதிந்தால் அதன் நகல் இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

மறுபடி ஒருவன் கையும் களவுமாகச் சிக்கினால், முதல் வேலை போலீஸுக்குப் போன். அழைத்த நேரம் உங்கள் கைப்பேசியிலேயே பதிவாகும், பின்னாளில் உங்களைக் காப்பது அதுதான். வெளிச்சமான இடத்தில், சாவடியிலோ கோயில் மண்டபத்திலோ உட்காரவையுங்கள். கயிறு வேண்டாம், வண்டிச் சாவியை எடுத்துவைத்தால் போதும். ஊரில் மரியாதையுள்ள நான்கு பேர் அவனைச் சுற்றி நிற்கட்டும், குடித்திருப்பவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்புங்கள். குடிக்கத் தண்ணீர் கொடுங்கள். பேச்சு புரியாவிட்டால் வடமாநிலத் தொழிலாளியாகவோ மனநலம் குன்றியவராகவோ இருக்கலாம். ஆதரவின்றித் திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி போலீஸின் கடமை. அவன் முகத்தைக் குழுக்களில் போட வேண்டாம்.

உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். வெறுமனே பார்த்து நின்றவர் குற்றவாளி ஆகமாட்டார். ஆனால் ஐந்து பேரோ அதற்கு மேலோ குற்றம் செய்யும் ஒரே நோக்கத்தோடு கூடினால், ஒருவர் அடித்த அடிக்கு எல்லோரும் பொறுப்பு. ஆகவே அந்த வீடியோவில் அவன் குரல் என்ன சொல்கிறது என்பது முக்கியம். ‘போதும், விடுங்கள்’ என்றிருந்தால் அவன் சாட்சி. ‘இன்னும் போடு’ என்றிருந்தால் அவனும் ஓர் எதிரி. எதுவாக இருந்தாலும் அழிக்கச் சொல்லாதீர்கள். சாட்சியத்தை அழிப்பது வேறொரு குற்றம், அதில் நீங்களும் சேர்ந்துவிடுவீர்கள். யாருக்கும் அனுப்பாமல், கைப்பேசியை அப்படியே வைத்துக்கொண்டு, போலீஸ் வீட்டுக்கு வருமுன் வழக்கறிஞர் ஒருவருடன் நீங்களே அவனை நிலையத்துக்கு அழைத்துப் போங்கள்.