பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி எடுக்கலாமா? நம் கடற்கரைப் பக்கத்துக் கேள்விகளும் என் பதில்களும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததிலிருந்து, ராமநாதபுரம் கடற்கரையில் தொண்டி தொடங்கி சாயல்குடி வரைக்கும் ஒரே கேள்விதான்: பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி சேரலாமா, சேர்ந்தால் என்ன செய்வது? கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள் என்பதால் எல்லாவற்றையும் என்னிடம் தள்ளிவிட்டார்கள். கேட்டவர்களின் பெயரை எடுத்துவிட்டு ஊரை மட்டும் வைத்திருக்கிறேன். கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன். பதில்களைச் சுருக்க எனக்கு வராது.

தங்கச்சிமடம், ஒரு அம்மா: டீச்சர், மகள் நீட் எழுதினாள். சீட் வராது போலிருக்கிறது. கெமிஸ்ட்ரி படித்தால் ஆஸ்பத்திரி லேபிலாவது வேலை கிடைக்குமா?

அது வேறு படிப்பும்மா. ரத்தம், சிறுநீர் பார்க்கிற லேபுக்கு டி.எம்.எல்.டி., பி.எஸ்சி. எம்.எல்.டி. என்று தனியாக இருக்கிறது. அவள் மனசு ஆஸ்பத்திரியில்தான் என்றால் அதிலேயே சேருங்கள். கெமிஸ்ட்ரி முடித்தவர்கள் போகிற லேப் மருந்துக் கம்பெனி, உரம், பெயின்ட், சிமென்ட், தண்ணீர் சுத்திகரிப்பு என்ற பக்கம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். "அடுத்த நீட் வரைக்கும் ஒரு காலேஜில் இருக்கட்டும்" என்று கெமிஸ்ட்ரியில் உட்கார வைக்காதீர்கள். முதல் பருவத்திலேயே லேபும் ரெகார்டு நோட்டும் ஆரம்பித்துவிடும். நீட் புத்தகத்தையும் அதையும் சேர்த்து இழுக்கிற பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டிலும் அரைகுறையாக நிற்பதைத்தான் பார்க்கிறேன்.

மண்டபம், பிளஸ் டூ முடித்த பையன்: மேடம், நான் தாவரவியல், விலங்கியல் குரூப். மேத்ஸ் கிடையாது. கெமிஸ்ட்ரியில் சேர்ந்தால் கஷ்டப்படுவேனா?

சேரலாம் தம்பி. கஷ்டம் வரும், எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்தால் சமாளித்துவிடலாம். கரிம வேதியியலுக்கும் கனிம வேதியியலுக்கும் பெரிய கணக்கு வேண்டாம். இயற்பிய வேதியியலில்தான் சிக்கல். வினைவேகம் வந்தால் தொகையிடல், வெப்ப இயக்கவியல் வந்தால் பகுதி வகையீடு, குவாண்டம் வந்தால் அலைச்சமன்பாடு.

முக்கியப் பாடத்தோடு துணைப்பாடமாக எடுப்பதுதான் அலைடு. எல்லாரும் உன்னிடம் "அலைடு எடுக்கும்போது மேத்ஸை விட்டுடு, ஜுவாலஜி எடு, மார்க் வரும்" என்பார்கள். நான் நேர்மாறாகச் சொல்வேன். கல்லூரியில் விட்டால், கஷ்டமாக இருந்தாலும் அலைடு மேத்ஸை எடு. எம்.எஸ்சி.க்குப் போகும்போது பிளஸ் டூவிலோ பட்டத்திலோ கணிதம் இருந்திருக்க வேண்டும் என்று கேட்கிற இடங்கள் உண்டு. அங்கே போய் நின்றுகொண்டு வருத்தப்பட்டுப் பயனில்லை. இந்தக் கோடை விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தை எடுத்து மடக்கை, வகையீடு, தொகையீடு மூன்று பாடத்தை மட்டும் முடி. முழுப் புத்தகம் வேண்டாம்.

கீழக்கரை, மாணவி: உள்ளூர் மகளிர் கல்லூரியா, ராமநாதபுரம் அரசுக் கல்லூரியா? எது நல்லது மேடம்?

பாப்பா, நம் பக்கத்துக் கல்லூரிகளில் பெரும்பாலானவை காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. அதனால் பாடத்திட்டத்தில் பெரிய வித்தியாசம் வராது. வித்தியாசம் லேபில்தான். கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும் பார்த்து முடிவெடுக்கிறார்கள். லேபைத் திறந்து காட்டச் சொல்லி ஒருவரும் கேட்பதில்லை.

நீ கேள். சேருமுன் அத்தாவையோ உம்மாவையோ கூட்டிக்கொண்டு போய், "லேபைக் கொஞ்சம் பார்க்கலாமா?" என்று கேள். பியூரெட்டும் பிப்பெட்டும் ஒரு ஆளுக்கு ஒன்றா, மூன்று பேருக்கு ஒன்றா? வாலைவடிநீர் அங்கேயே வடிக்கிறார்களா, கேனில் வாங்குகிறார்களா? நச்சுப் புகையை வெளியே இழுக்கிற புகைக்கூண்டின் விசிறி ஓடுகிறதா, அதற்குள் பழைய நோட்டை அடுக்கி வைத்திருக்கிறார்களா? கடைசிக் கேள்விதான் எனக்கு முக்கியம். அப்புறம் அங்கே படிக்கிற இரண்டாம் வருடத்துப் பிள்ளையிடம், "டைட்ரேஷன் நீயே செய்தாயா, பக்கத்தில் நின்று ரீடிங் எழுதினாயா?" என்று கேட்டால் மொத்தக் கதையும் வந்துவிடும்.

பஸ்ஸும் கணக்கில் வரட்டும். லேப் மதியத்தில்தான் பெரும்பாலும் இருக்கும், முடிய நாலரை ஆகிவிடும். பஸ்ஸைப் பிடிக்க லேபிலிருந்து பாதியில் ஓடுகிற பிள்ளை கெமிஸ்ட்ரி படிக்கவில்லை, பாஸ் ஆகிறது, அவ்வளவுதான். லேப் நன்றாக இருந்தால் உள்ளூரே போதும். அரசுக் கல்லூரிக்கும் சேர்த்து ஆன்லைனில் விண்ணப்பித்து வை. மொழிப்பாடம் நீங்கலாக நான்கு பாடங்களின் மொத்தம், 400-க்கு எவ்வளவு என்பதுதான் அங்கே தரவரிசை.

சாயல்குடி, உப்பளத்தில் வேலை பார்க்கும் அப்பா: அம்மா, பையன் கெமிஸ்ட்ரிதான் வேணும்ங்கிறான். படிச்சா நம்ம பக்கம் வேலை இருக்கா? இல்லை திருப்பூருக்குத்தான் போகணுமா?

அண்ணே, உங்கள் பையனுக்கு முதல் பாடத்தை நீங்களே நடத்தலாம். பாத்தியில் தண்ணீரை 25 டிகிரி (சூடு இல்லை, உப்பின் செறிவைக் காட்டும் போமே அளவு) வரும்வரை ஏன் காய விடுகிறீர்கள்? அதற்கு முன்னாலேயே சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்து ஒதுங்கிவிடும், 25-ஐத் தொட்டபின் இறங்குவது நல்ல உப்பு. 29, 30-க்கு மேல் ஏற விடாமல் மிச்சத் தண்ணீரை வெளியேற்றுவது எதற்கு? விட்டால் மக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்து, உப்பு கசந்து, ஈரம் இழுக்கும். இதைத்தான் நாங்கள் வகுப்பில் கரைதிறன் பெருக்கம் என்று கரும்பலகையில் எழுதி நடத்துகிறோம். நீங்கள் வெளியேற்றுகிற அந்தக் கசப்புத் தண்ணீரில் மக்னீசியம், பொட்டாசியம், புரோமைடு மூன்றும் இருக்கின்றன. மூன்றையும் பிரித்து விற்கிற தொழில் உலகத்தில் உண்டு.

சரி, வேலைக்கு வருவோம். வாலிநோக்கத்தில் அரசின் தமிழ்நாடு உப்பு நிறுவனம் இருக்கிறது. ஆனால் கெமிஸ்ட் வேலை அங்கே விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். அதை நம்பி மட்டும் படிக்க வைக்காதீர்கள். தூத்துக்குடிப் பக்கம் உரம், ரசாயன ஆலைகள் இருக்கின்றன. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் நரிப்பையூரில் வந்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். வளைகுடா நாடுகளில் அதுதான் பெரிய தொழில், தண்ணீரைச் சோதிக்கத் தெரிந்த கெமிஸ்ட் அங்கே தேவைப்படுகிறார். நம் ஊரிலிருந்து ஹெல்பராகப் போகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் இதுதான் தோன்றும்.

இன்னும் இரண்டு சொல்கிறேன். மண்டபம், பாம்பன் பெண்கள் எடுக்கிற கடற்பாசியில் மரிக்கொழுந்திலிருந்து அகர் வருகிறது, கட்டக்கோரையிலிருந்து ஆல்ஜினேட் வருகிறது, மிதவையில் கட்டி வளர்க்கிற கப்பாஃபைகஸிலிருந்து கராஜீனன் வருகிறது. மூன்றும் உணவு, மருந்துத் தொழில்களில் கெட்டியாக்கப் பயன்படுகிற பொருள்கள். பாசி இங்கிருந்து காய்ந்த சரக்காகப் போகிறது, பெரிய காசு அதைப் பிரித்தெடுக்கிற இடத்தில் இருக்கிறது. இன்னொன்று துரு. 1914-இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலத்தை உப்புக்காற்று என்ன பாடு படுத்தியது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள் என்றால் அதற்குப் பின்னால் இருப்பது வேதியியல். காரைக்குடி சிக்ரி, அதாவது 1953-இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அரிப்புச் சோதனைக்கென்றே மண்டபத்தில் இடம் வைத்திருக்கிறது. ஆனால் இந்தப் பக்கமெல்லாம் போக வெறும் பி.எஸ்சி. போதாது, எம்.எஸ்சி. வேண்டும். ஐந்து வருடம் தாங்குமா என்று இப்போதே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

பாம்பன், மாணவி: பன்னிரண்டு வரைக்கும் தமிழ் வழி. இங்கிலீஷில் நடத்தினால் ஒன்றும் புரியாதே?

முதல் இரண்டு மாதம் புரியாது, உண்மை. பதினொன்று, பன்னிரண்டு வேதியியல் பாடநூலின் ஆங்கிலப் பதிப்பை இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள். உன் தமிழ்ப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்து, ஒரே பாடத்தை இரண்டிலும் படி. உனக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பதால் ஆங்கிலம் தானாகப் பிடிபடும். ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் பணம் கட்டுவதைவிட இது மேல் என்பது என் அபிப்பிராயம்.

ராமேஸ்வரம்: உதவித்தொகை ஏதாவது உண்டா?

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண், பையனுக்குத் தமிழ்ப் புதல்வன், மாதம் 1,000 ரூபாய். அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கைச் சேர்க்கைக்கு முன்பே சரி செய்துவிடுங்கள், தாமதம் பெரும்பாலும் அங்கேதான்.

பெரியபட்டினம், ஒரு அண்ணன்: லேப் புகை உடம்புக்கு ஆகாது, பொம்பளைப் பிள்ளைக்கு வேண்டாம் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

புகை ஆண் பிள்ளைக்கும் ஆகாது. ஹைட்ரஜன் சல்பைடு, அடர் அமிலம் எல்லாம் புகைக்கூண்டுக்குள் செய்ய வேண்டியவை, அதனால்தான் மேலே அந்தக் கேள்வியை முக்கியம் என்றேன். தங்கச்சியிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: பருத்தி உடை, துப்பட்டா லேப் கோட்டுக்குள்ளே, பிப்பெட்டை வாயால் உறிஞ்சச் சொன்னால் ரப்பர் பல்பு கேட்க வேண்டும். யார் சொன்னாலும்.

தொண்டி, மாணவன்: ஐஐடியில் எம்.எஸ்சி. படிக்க ஆசை. எப்போதிலிருந்து தயாராக வேண்டும்?

மூன்றாம் பருவத்திலிருந்து. ஐந்தாம் பருவத்தில் விழித்துக்கொண்டால் நேரம் போதாது. ஐஐடி எம்.எஸ்சி.க்கான நுழைவுத் தேர்வான ஜாம் பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் அதற்கு முந்தைய செப்டம்பர், அக்டோபரில். மூன்று மணி நேரம், 60 கேள்வி, 100 மதிப்பெண். அதில் 20 கேள்விக்கு விடைகள் கொடுக்க மாட்டார்கள், எண்ணைக் கணக்குப் போட்டு நீயே நிரப்ப வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வுக்கு நோட்ஸ் மனப்பாடம் செய்து பழகியவர்கள் தடுக்கி விழுவது அங்கேதான். பழைய வினாத்தாள்களை இரண்டாம் வருடமே எடுத்து, முடித்த பாடத்துக்கு உண்டான கேள்விகளை மட்டும் போட்டுப் பார்.

இரண்டாம் வருடம் நவம்பர் வாக்கில் அறிவியல் கழகங்களின் கோடைக்கால ஆய்வு உதவித்தொகைக்கு விண்ணப்பம் போடு. கிடைத்தால் இரண்டு மாதம் உண்மையான ஆய்வகத்தில் இருக்கலாம். ஐஐடி இல்லாவிட்டால் என்ன என்று கேட்பாய். அழகப்பாவில் தொழில்சார் வேதியியல் துறை இருக்கிறது, பக்கத்திலேயே சிக்ரி. ஆசிரியர் ஆக வேண்டுமென்றால் கணக்கே வேறு: பி.எஸ்சி.யோடு பி.எட்., அப்புறம் ஆசிரியர் தகுதித் தேர்வான டெட். முதுகலை ஆசிரியர் என்றால் எம்.எஸ்சி. கட்டாயம்.

ஏர்வாடி, இப்போது இரண்டாம் வருடம் படிப்பவர்: புராஜெக்ட்டுக்கு என்ன செய்யலாம் மேடம்? எல்லாரும் நெட்டிலிருந்து எடுக்கிறார்கள்.

உங்கள் ஊர்த் தண்ணீரை எடுங்கள். கடலிலிருந்து உள்ளே போகப் போக பத்துப் பன்னிரண்டு கிணறு, போர். ஒவ்வொன்றிலும் குளோரைடும் கடினத்தன்மையும் பாருங்கள். குளோரைடுக்கு மோர் முறை: பொட்டாசியம் குரோமேட் நிறங்காட்டி, சில்வர் நைட்ரேட்டால் தரம்பார்த்தல் (டைட்ரேஷன்), மஞ்சள் செங்கல் நிறத்துக்குத் திரும்பும்போது நிறுத்த வேண்டும். கடினத்தன்மைக்கு ஈடிடிஏ, பி.எச். 10-இல், ஒயின் சிவப்பு நீலமாகும். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயப்படி குளோரைடு லிட்டருக்கு 250 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1,000 வரை. கடினத்தன்மை 200, அதிகபட்சம் 600. உங்கள் முடிவுகளை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு முறை வெயில் காலத்தில், ஒரு முறை ஐப்பசி, கார்த்திகை மழைக்குப் பிறகு எடுத்தால் புராஜெக்ட்டுக்கு எடை கூடும்.

நம் பக்கத்துத் தண்ணீரை அப்படியே தரம்பார்க்க உட்கார்ந்தால் பியூரெட் காலியாகிவிடும், சில்வர் நைட்ரேட் விலையும் உங்களுக்குத் தெரியும். முதலில் பத்து மடங்கு நீர்த்துவிடுங்கள். பாட்டிலை அதே கிணற்றுத் தண்ணீரால் மூன்று தடவை அலசிவிட்டு நிரப்புங்கள். போர் என்றால் மோட்டாரைச் சில நிமிடம் ஓடவிட்டுப் பிடியுங்கள். குரோமேட் கலந்த கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனி ஜாடியில் சேர்த்து லேப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.