பொது விடுமுறைக்கு நாள் சம்பளக்காரருக்குக் காசு உண்டா?

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமான வேலையில் இருக்கிறேன். நாள் சம்பளம் 32 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). திறன் படி (அலவன்ஸ்) நாளுக்கு 4 வெள்ளி, சாப்பாட்டுப் படி 5 வெள்ளி. திங்கள் முதல் சனி வரை தினம் 8 மணி நேரம், ஞாயிறு ஓய்வு. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் காய்ச்சல் என்று எம்.சி. (மருத்துவச் சான்று விடுப்பு) எடுத்தேன். கிறிஸ்துமஸ் அன்று வேலை இல்லை, சம்பளமும் போடவில்லை. "வேலை செய்தால்தான் காசு, அதிலும் முந்தின நாள் நீ வரவில்லை" என்கிறார் சூப்பர்வைசர். புத்தாண்டு அன்று 11 மணி நேரம் வேலை பார்த்தேன். எல்லா மணி நேரத்தையும் ஓடி (ஓவர்டைம்) என்று போட்டு 66 வெள்ளி தந்தார்கள். கணக்கு சரிதானா?

பதில்: இரண்டு நாள் கணக்கும் தவறு. உங்களுக்கு 56 வெள்ளி வரவேண்டும்.

சிங்கப்பூர் வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வரும் ஊழியருக்கு ஆண்டில் 11 பொது விடுமுறைகள், எல்லாம் சம்பளத்தோடு. மாதச் சம்பளமா நாள் சம்பளமா என்று அதில் பேதம் கிடையாது. "வேலை செய்தால்தான் காசு" என்பது சாதாரண நாளுக்குப் பொருந்தலாம், பொது விடுமுறைக்குப் பொருந்தாது. (வீட்டுப் பணிப்பெண்களும் மாலுமிகளும் இந்தச் சட்டத்துக்குள் வரமாட்டார்கள்.)

முதலில் இரண்டு தொகைகளைப் பிரித்துக்கொள்ளுங்கள். அடிப்படைச் சம்பளம் என்பது படி எதுவும் சேராத 32 வெள்ளி. மொத்தச் சம்பளம் என்பதில் படிகள் சேரும். ஆனால் ஓடி, போனஸ், சாப்பாடு, போக்குவரத்து, தங்குமிடப் படிகள் சேராது. ஆகவே உங்கள் மொத்தச் சம்பளம் 32 + 4 = 36 வெள்ளி. விடுமுறைச் சம்பளம் இந்த மொத்த விகிதத்தில் தரப்பட வேண்டும். வெறும் பேசிக்கை மட்டும் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளும் கம்பெனிகளிடம் நாளுக்கு 4 வெள்ளி விட்டுப்போகிறது.

கிறிஸ்துமஸுக்கு வருவோம். விடுமுறைக்கு ஒட்டிய முந்தைய அல்லது அடுத்த வேலை நாளில், அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வராதவருக்கு விடுமுறைச் சம்பளம் கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. சூப்பர்வைசர் அரைகுறையாகச் சொன்னது இதைத்தான். நீங்கள் எடுத்தது எம்.சி.; அது அனுமதியுள்ள விடுப்பு. ஒரே நிபந்தனை, 48 மணி நேரத்துக்குள் கம்பெனிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவிக்காவிட்டால் அனுமதியின்றி வராத நாளாகவே கணக்கில் போகும், வாதம் பலவீனமாகும். எம்.சி. படத்தை அன்றே வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தால் அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். ஆக, கிறிஸ்துமஸுக்கு 36 வெள்ளி.

"ஒட்டிய வேலை நாள்" எது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். விடுமுறை திங்கட்கிழமை வந்தால் உங்களுக்கு முந்தைய வேலை நாள் ஞாயிறு அல்ல, சனி. சனிக்கிழமை சொல்லாமல் நின்றால் திங்கள் சம்பளம் போய்விடும். சம்பளமில்லா விடுப்பு கேட்டு வாங்கி ஊருக்குப் போயிருக்கும் நாட்களின் நடுவே விழும் விடுமுறைக்கும் சம்பளம் கிடையாது.

புத்தாண்டுக் கணக்குதான் விஷயமே. 66 வெள்ளி என்பது வழக்கமான 32-க்கு இரண்டு மடங்குக்கும் மேல் என்பதால் யாரும் கேள்வி கேட்பதில்லை. கம்பெனி செய்தது இது: ஒரு மணி நேரத்துக்கு 32 ÷ 8 = 4 வெள்ளி, ஒன்றரை மடங்கு 6 வெள்ளி, அதை 11-ஆல் பெருக்கிவிட்டார்கள். விடுமுறை நாளில் ஒன்றரை மடங்கு 8 மணி நேரத்தைத் தாண்டிய வேலைக்கு மட்டும்தான். சரியான கணக்கு மூன்று துண்டுகள்: அன்றைய விடுமுறைச் சம்பளம் 36, வேலை செய்ததற்காகக் கூடுதலாக ஒரு நாள் அடிப்படைச் சம்பளம் 32, மீதி 3 மணி நேரத்துக்கு ஓடி 18. மொத்தம் 86 வெள்ளி. 20 வெள்ளி குறைகிறது. கிறிஸ்துமஸின் 36-ஐயும் சேர்த்தால் 56. சாப்பாட்டுப் படி ஒப்பந்தப்படி தனியாக வரவேண்டியது, இதில் கலக்காதீர்கள்.

"காசுக்குப் பதில் வேறு நாள் லீவு எடுத்துக்கொள்" என்றால், நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே விடுமுறையை வேறு நாளுக்கு மாற்றலாம்.

2026-இல் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. விசாக தினம் (மே 31), தேசிய தினம் (ஆகஸ்ட் 9), தீபாவளி (நவம்பர் 8) மூன்றும் ஞாயிறு. ஓய்வு நாளில் விடுமுறை விழுந்தால் அடுத்த வேலை நாளான திங்கள்தான் சம்பள விடுமுறை. கம்பெனி கேட்டு நீங்கள் ஞாயிறு முழுநாள் வேலை செய்தால் அது ஓய்வு நாள் வேலை: இரண்டு நாள் அடிப்படைச் சம்பளம், 64 வெள்ளி. திங்கள் வீட்டில் இருந்தாலும் 36. ஆக 100. ஞாயிற்றையே பொது விடுமுறையாக எழுதி 36 + 32 = 68 போட்டு, திங்களைச் சம்பளமில்லா நாளாக விட்டுவிட்டால் உங்களுக்கு 32 வெள்ளி நட்டம். நீங்களாகவே கேட்டு ஞாயிறு வேலை செய்தால் ஒரு நாள் சம்பளம்தான், அதனால் "வர்றியா?" என்று கேட்டது யார் என்பது செய்தியில் பதிவாகியிருப்பது நல்லது.

ஊரில் வாங்கிய ஐ.பி.ஏ. (கொள்கையளவிலான வேலை அனுமதி) கடிதத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் மாத அடிப்படைச் சம்பளம் 832 வெள்ளி என்று இருந்து, கம்பெனி அதை 26-ஆல் வகுத்து 32 ஆக்கியிருந்தால் நீங்கள் மாதச் சம்பளக்காரர். அப்போது ஒரு மணி நேர விகிதம் 12 × 832-ஐ 52 × 44-ஆல் வகுத்து வருவது, 4.36 வெள்ளி, ஓடி மணிக்கு 6 அல்ல, சுமார் 6.55. வாரம் 6 × 8 = 48 மணி நேரம் என்கிறீர்கள், 44-ஐத் தாண்டிய 4 மணி நேரத்துக்கும் ஓடி வருகிறதா என்று கையோடு பாருங்கள்.

கேட்பது எப்படி? சம்பளச் சீட்டில் விடுமுறைச் சம்பளம் தனி வரியாக இருக்கவேண்டும், ஓடி மணி நேரமும் தொகையும் தனியாக. இரண்டையும் கலந்து "ஓடி 11 மணி" என்று எழுதிய சீட்டே உங்களுக்குச் சான்று. டைம் கார்டைப் படம் எடுத்து, மேலே போட்ட கணக்கை நாள்வாரியாக எழுதி, அலுவலகத்துக்கு வாட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள். வாய்ப்பேச்சோடு நிறுத்தவேண்டாம். தராவிட்டால் டி.ஏ.டி.எம். என்னும் சம்பளத் தகராறு சமரச அமைப்பில் புகார் கொடுக்கலாம். அங்கே சமரசம் ஆகாவிட்டால் வழக்கு வேலைவாய்ப்புக் கோரிக்கை நடுவர் மன்றத்துக்குப் போகும். வேலையில் இருக்கும்வரை ஓராண்டுக்குள் கேட்கவேண்டும். வேலையை விட்டுவிட்டால் கடைசி நாளிலிருந்து ஆறு மாதம்தான், பர்மிட் ரத்தாகி ஊர் திரும்புமுன் புகாரைப் பதிந்துவிடுங்கள்.