பொறியில் சிக்குவது ஆண் அந்து, கம்பளியைத் தின்பது புழு

கேள்வி: பெட்டியில் வைத்திருந்த கம்பளிச் சால்வையில் ஓட்டைகள். அலமாரியில் பொன்னிறப் பொடிப் பூச்சிகளும் பறந்தன. ஃபெரோமோன் ஒட்டுப்பொறி வாங்கி வைத்தேன். பூச்சிகள் சிக்குகின்றன, ஆனால் ஓட்டை விழுவது நிற்கவில்லை. இன்னும் நாலைந்து பொறி வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். பொறி பழுதில்லை, அதன் வேலையே வேறு.

உங்கள் அலமாரியில் இருப்பது துணி அந்து. உயிரியலில் டினியோலா பிசெல்லியெல்லா என்பார்கள். நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர்தான். பறக்கும் பருவத்தில் அது எதையும் தின்பதில்லை. பொறியில் இருப்பது பெண் பூச்சியின் வாசனை, அதைத் தேடி வருவது ஆண் மட்டுமே. பெண் அதிகம் பறக்காது. துணி மடிப்புகளுக்குள் ஓடி ஒளிந்து, 40, 50 முட்டை இட்டுவிட்டுச் செத்துவிடும்.

சால்வையைத் தின்பது அந்த முட்டையிலிருந்து வரும் புழு. கம்பளி, ரோமம், இறகு இவற்றிலுள்ள கெரட்டின் என்ற புரதத்தைச் செரிக்கக்கூடிய உயிர்கள் மிகக் குறைவு. இந்தப் புழு அவற்றில் ஒன்று. வெளிச்சத்துக்கு வராது. தான் நூற்ற இழைக்குள் இருந்தபடியே மேயும். எச்சம்கூடத் துணியின் சாய நிறத்திலேயே இருப்பதால், தூசி என்று நினைத்து உதறிவிடுவோம். சூடும் இரையும் வாய்த்தால் ஒன்றிரண்டு மாதத்தில் வளர்ந்துவிடும். வாய்க்காவிட்டால் இரண்டு ஆண்டுக்கு மேலும் புழுவாகவே காலம் தள்ளும். பூச்சி கண்ணில் படவில்லை என்பதால் நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

முதலில் சால்வையைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி, மைனஸ் 18 டிகிரிக்குக் குளிரும் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். முட்டையும் புழுவும் சாகும், செலவும் இல்லை. அலமாரி இடுக்குகளை வேக்குவம் கிளீனரால் இழுத்து, சேர்ந்த குப்பையை உடனே வெளியே கொட்டுங்கள். வியர்வைக் கறையுள்ள துணி புழுவுக்கு விருந்து. துவைக்காமல் மடித்து வைக்காதீர்கள்.

தேவதாரு மரத்துண்டுகளுக்குக் காசு கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன், பலன் சொற்பம். நாஃப்தலீன் அந்துருண்டை இறுக மூடிய பெட்டிக்குள் மட்டுமே வேலை செய்யும். கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அதுவும் வேண்டாம். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அதன் ஆவி பட்டாலே சிவப்பணுக்கள் சிதையலாம்.

கையிலிருக்கும் ஒரு பொறியைத் தூக்கிப் போடாதீர்கள். சுத்தம் செய்து முடித்த பிறகு அதில் பூச்சி சிக்கினால், எங்கோ புழு மிச்சமிருக்கிறது. கம்பள விரிப்பின் அடியிலும் சோபாவின் பின்புறத்திலும் தேடிப் பாருங்கள்.