‘ஸ்ரீ’ இரண்டாகப் பிரிந்தால் யாரிடம் முறையிடுவது?

கேள்வி: அமிர்தகழி ஸ்ரீ மாமாங்கேஸ்வரர் ஆலயத் திருவிழாவுக்காக இணையப் பக்கம் ஒன்று செய்கிறேன். சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் மொழி) மூலம் பந்தியின் முதலெழுத்தைப் பெரிதாக்கினால் ‘ஸ்’ மட்டும் பெரிதாகிறது. ‘ரீ’ சின்னதாகப் பின்னால் நிற்கிறது. இது உலாவியின் பிழையா, தரநிலையின் பிழையா? யாரிடம் சொல்வது? – வாசகர், மட்டக்களப்பு

பதில்: முதலில் உங்கள் பக்கத்தையே சோதியுங்கள். ‘ஸ்ரீ’யை ஸகரத்தாலும் தட்டலாம், 2005 இல் யூனிகோடில் (எல்லா மொழி எழுத்துகளுக்கும் எண் தரும் பொதுக் குறியீட்டுமுறை) சேர்ந்த ஶகரத்தாலும் தட்டலாம், பார்வைக்கு ஒன்றுபோலவே தெரியும். எதைத் தட்டியிருக்கிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பாமினி என்ற பழைய எழுத்துருக் குறியீட்டிலிருந்து மாற்றிய பந்தியானால் கொம்பு மெய்க்கு முன்னால் போய் உட்கார்ந்திருக்கக்கூடும். அது மாற்றியின் குற்றம், உலாவியின் குற்றமல்ல. எழுத்துருவையும் ஒருமுறை மாற்றிப் பாருங்கள்.

பிறகு பக்கத்தைத் திரையில் வரையும் மூன்று உலாவி இயந்திரங்களில் பாருங்கள்: குரோமின் பிளிங்க், பயர்பாக்ஸின் கெக்கோ, சஃபாரியின் வெப்கிட். எட்ஜும் பிளிங்க்தான், அதனால் குரோமிலும் எட்ஜிலும் பார்த்தது ஒரே சோதனை. ஒன்றில் மட்டும் பிழை என்றால் அந்த உலாவியின் பிழைப்பட்டியலில் பதிந்தால் போதும்.

உங்கள் சிக்கலின் வேர் ஆழமானது. முதலெழுத்து எதுவென்று தீர்மானிக்க சிஎஸ்எஸ் யூனிகோடின் எழுத்தலகையே (ஓரெழுத்தாக எண்ணப்படும் குறிகளின் தொகுதி) அடிப்படையாகக் கொள்கிறது. அதன்படி ‘நி’, ‘கொ’ உடையாது. ஆனால் ‘ஸ்ரீ’ ‘ஸ்’, ‘ரீ’ என்றும் ‘க்ஷ’ ‘க்’, ‘ஷ’ என்றும் இரண்டலகாகும். மொழிக்கேற்ப இதை மாற்றிக்கொள்ள உலாவிக்குத் தரநிலை இடம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆக, பிரிக்கும் உலாவியும் விதியை மீறவில்லை. 2023 இல் யூனிகோடு 15.1 தேவநாகரி, மலையாளம் உள்ளிட்ட சில எழுத்துமுறைகளுக்குக் கூட்டெழுத்தைப் பிரிக்காத விதியைக் கொண்டுவந்தது. தமிழ் அதில் இல்லை. அதே விதியை அப்படியே தமிழுக்கும் கேட்டுவிடாதீர்கள்! ‘பக்கம்’ என்பதில் ‘க்க’ ஓரலகாகிவிடும். ‘ஸ்ரீ’, ‘ஶ்ரீ’, உயிர்க்குறி ஏறிய வடிவங்களோடு ‘க்ஷ’ என்று பெயர் சொல்லியே கேட்க வேண்டும். தமிழ் பற்றிய கோரிக்கைகள் பலவும் இத்தகைய துல்லியம் இல்லாததால்தான் இழுபடுகின்றன.

கேட்கும் இடம், இணையத் தரநிலைகளை வகுக்கும் டபிள்யூ3சியின் சிஎஸ்எஸ் பணிக்குழு கிட்ஹப் தளத்தில் வைத்திருக்கும் வரைவுக் களஞ்சியம். பக்கத்தின் கட்டமைப்பை எழுதும் எச்டிஎம்எல் வேறு, அதை டபிள்யூஎச்ஏடிடபிள்யூஜி என்ற வேறொரு அமைப்பு பராமரிக்கிறது, அங்கே போக வேண்டாம். உறுப்புரிமையோ கட்டணமோ தேவையில்லை. ஏற்கெனவே யாராவது பதிந்திருக்கிறார்களா என்று தேடுங்கள். இருந்தால் உங்கள் சான்றை அதிலேயே சேருங்கள். இல்லையென்றால் ஆங்கிலத்தில் புதிதாகப் பதியுங்கள், ஒரு பதிவுக்கு ஒரே சிக்கல். பத்து வரிக்குள் அடங்கும் எச்டிஎம்எல், ஒவ்வொரு குறியின் யூனிகோடு எண், உலாவிப் பதிப்புகள், எதிர்பார்க்கும் தோற்றம், இவ்வளவும் வேண்டும். அச்சு நூலொன்றில் ‘ஸ்ரீ’ முழுதாகப் பெரிதாக்கப்பட்ட பக்கத்தின் படம் கிடைத்தால் அதுதான் வலுவான சான்று. டபிள்யூ3சியின் பன்னாட்டுமயமாக்கல் பிரிவு தமிழுக்கென வைத்திருக்கும் குறைபாட்டு ஆவணத்திலும் இதைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

குழு தீர்மானித்தால் ஆசிரியர் வரைவைத் திருத்துவார், எல்லா உலாவிகளுக்கும் பொதுவான சோதனைத் தொகுப்பில் ஒரு சோதனை சேரும். அந்தச் சோதனையை நீங்களே எழுதிக் கொடுத்தால் வேலை வேகமாக நகரும். வரைவு இறுதிப் பரிந்துரை, அதாவது முடிவான தரநிலை, ஆவதற்கு வழக்கமாக ஒன்றையொன்று சாராத இரண்டு செயலாக்கங்கள் (அதைச் செய்துகாட்டும் மென்பொருள்கள்) வேண்டும். இதற்குக் காலம் பிடிக்கும்: சிஎஸ்எஸ் 2.1 என்ற பதிப்பின் முதல் வரைவு 2002 இல் வந்தது, பரிந்துரையானது 2011 இல்.

திருவிழா அதுவரை காத்திராது. முதலெழுத்துத் தேர்வியை (::first-letter) விட்டுவிட்டு, ‘ஸ்ரீ’ முழுவதையும் ஒரு ஸ்பானுக்குள் (எச்டிஎம்எல்லின் span குறிச்சொல்) வைத்து அதற்கே எழுத்தளவைக் கொடுங்கள். தலைப்பில் எழுத்திடைவெளி கூட்டியிருந்தால் அந்த ஸ்பானுக்கு மட்டும் அதைச் சுழியமாக்குங்கள். இல்லையெனில் சில எழுத்துருக்களில் அங்கேயும் ‘ஸ்ரீ’ பிரியக்கூடும்.