கச்சத்தீவுக்கு அப்பால் போய்க்கொண்டே இருந்தால் உரிமை நிலைக்குமா?

கேள்வி: என் மைத்துனர் இராமேஸ்வரத்தில் விசைப்படகு வைத்துத் தொழில் செய்கிறார். இரண்டாவது படகு வாங்குவதற்கு என்னைப் பங்கு போடச் சொல்கிறார். எல்லை தாண்டிப் பிடிபட்டால் பணம் என்ன ஆவது என்று கேட்டால், "கச்சத்தீவுப் பக்கம் நமக்குப் பாரம்பரிய உரிமை உண்டு, ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது, நாம் போவதை நிறுத்தினால்தான் அந்த உரிமை போய்விடும்" என்கிறார். இது சரியா? பணம் போடலாமா? அந்தோணியார் திருவிழாவுக்கு அம்மாவைக் கச்சத்தீவுக்கு அழைத்துப் போக வேண்டும் என்ற ஆசையும் இருக்கிறது. அதற்குக் கடவுச்சீட்டு வேண்டுமா? (பரமக்குடி வாசகர்)

பதில்: உங்கள் மைத்துனர் இரண்டு செய்திகளைச் சேர்த்துச் சொல்கிறார். ஒப்பந்தத்தில் உரிமை இருக்கிறது என்பது ஒன்று, தொடர்ந்து போய்வந்தால் அந்த உரிமை நிலைக்கும் என்பது இன்னொன்று. முதலாவதில் பாதி உண்மை இருக்கிறது. இரண்டாவதற்குச் சட்டத்தில் ஆதாரமே இல்லை.

1974 ஜூன் மாதக் கடைசியில் இந்திரா காந்தியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் கையெழுத்திட்ட ஒப்பந்தம், பாக் நீரிணையிலிருந்து ஆதாம் பாலம் வரையிலான கடலில் ஒரு கோடு போட்டது. அந்தக் கோடு கச்சத்தீவுக்கு மேற்கே ஏறத்தாழ ஒரு மைல் தள்ளிச் செல்வதால் தீவு இலங்கையின் பக்கம் சேர்ந்தது. கோட்டின் தத்தம் பக்கமுள்ள நீரிலும் தீவுகளிலும் அந்தந்த நாட்டுக்கே முழு அதிகாரம் என்று 4ஆவது பிரிவு சொல்கிறது. அதற்கு உட்பட்டு, இந்திய மீனவர்களும் யாத்திரிகர்களும் இதுவரை போலவே கச்சத்தீவுக்குச் சென்றுவரலாம், பயண ஆவணமோ விசாவோ தேவையில்லை என்கிறது 5ஆவது பிரிவு. இரு நாட்டுப் படகுகளும் ஒன்றின் நீர்ப்பரப்பில் மற்றது வழக்கமாக அனுபவித்துவந்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்று 6ஆவது பிரிவில் ஒரு வரி இருக்கிறது. மேடைகளில் அடிக்கடி கேட்கும் "வலை உலர்த்தும் உரிமை" என்ற சொற்கள் ஒப்பந்த வாசகத்தில் எங்கும் கிடையாது. தீவுக்குப் போய்வரும் உரிமை என்ற பொதுச் சொல்லுக்குள் அதையும் அடக்கிப் பேசுவது நம் வழக்கமாகிவிட்டது. மீன்பிடிப்பது என்பதும் வெளிப்படையாக எழுதப்படவில்லை. 6ஆவது பிரிவின் அந்த வரிக்குள் அது அடங்குமா என்பதுதான் ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் வாதம்.

அந்த வாதத்துக்கு இருந்த இடத்தையும் 1976 பெருமளவு அடைத்துவிட்டது. அந்த ஆண்டு மார்ச் 23ஆம் தேதி மன்னார் வளைகுடாவிலும் வங்கக் கடலிலும் எல்லை வகுக்கப்பட்டபோது, இரு நாட்டு வெளியுறவுச் செயலாளர்களும் கடிதம் பரிமாறிக்கொண்டனர். ஒரு நாட்டின் மீன்பிடிப் படகுகள் மற்ற நாட்டின் வரலாற்று நீர்ப்பரப்பிலோ கரையை ஒட்டிய ஆட்சிக்கடலிலோ அதற்கு அப்பாலுள்ள பொருளாதார மண்டலத்திலோ வெளிப்படையான அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்பது அக்கடிதங்களின் சாரம். அவை மன்னார் வளைகுடாவைப் பற்றியவை மட்டுமே, பாக் விரிகுடாவைக் கட்டுப்படுத்தாது என்று வாதிடும் வழக்கறிஞர்கள் உண்டு. "வரலாற்று நீர்ப்பரப்பு" என்று பாக் விரிகுடாவையே குறிக்கும் சொல் கடிதத்தில் இருக்கும்போது அந்த வாதம் நீதிமன்றத்தில் எவ்வளவு தூரம் நிற்கும் என்பதில் எனக்குப் பலத்த ஐயம் இருக்கிறது.

இனி, போய்க்கொண்டே இருந்தால் உரிமை நிலைக்கும் என்பதைப் பார்ப்போம். இந்த எண்ணம் உலகம் முழுவதும் மீனவர்களிடையே இருக்கிறது. நெடுங்காலம் அனுபவித்தாலே உரிமை வரும் அனுபவ பாத்தியதை நிலத்தில் உண்டென்றால் கடலில் ஏன் இல்லை என்று அவர்கள் கேட்பதும் நியாயமாகவே தோன்றும். ஆனால் போர்னியோவுக்கு அருகிலுள்ள லிகித்தான், சிபடான் தீவுகளுக்காக இந்தோனேசியாவும் மலேசியாவும் வழக்காடியபோது, தன் மீனவர்கள் காலங்காலமாக அங்கே தொழில் செய்துவந்ததை இந்தோனேசியா ஒரு சான்றாக முன்வைத்தது. அரசின் ஒழுங்குமுறையின் கீழோ அதன் அதிகாரத்தின் பேரிலோ நடக்காத தனியாரின் தொழில், ஒரு நாட்டின் இறையாண்மைக்குச் சான்றாகாது என்று 2002இல் பன்னாட்டு நீதிமன்றம் கூறிவிட்டது. மலேசியா காட்டிய சான்றோ பார்வைக்கு மிகச் சிறியது: ஆமை முட்டை எடுப்பதற்கு விதி வகுத்தது, கலங்கரை விளக்கங்களைப் பராமரித்தது. தீர்ப்பு மலேசியாவின் பக்கமே போனது. ஆயிரம் படகுகள் பல்லாண்டு போய்வந்ததைவிட, ஓர் அதிகாரி போட்ட ஒரு கையெழுத்துக்கு அந்த மன்றத்தில் எடை அதிகம்.

தென்சீனக் கடலில் சீனப் படகுகள் கூட்டமாகப் போய் நின்று இடத்தைப் பிடித்துக்கொள்வதில்லையா என்று நீங்கள் கேட்கலாம். 2021 மார்ச்சில் விட்சன் பவளத்திட்டு அருகே இருநூறுக்கும் மேற்பட்ட சீனப் படகுகள் வாரக்கணக்கில் வரிசையாகக் கட்டிக்கொண்டு நின்றதை உலகமே பார்த்தது. அவற்றில் பல, கடல்சார் துணைப்படை என்ற பெயரில் அரசு ஊக்கமும் எரிபொருள் மானியமும் பெற்று, அரசின் கொள்கைக்காகவே நிற்பவை. நம் நிலை அதற்கு நேர் எதிரானது. இந்திய அரசு 1974ஆம் ஆண்டுக் கோட்டை மறுக்கவில்லை; தன் படகுகளைக் கோட்டுக்கு அப்பால் போகுமாறு சொல்லவும் இல்லை. அங்கே படகுக்குப் பின்னால் ஓர் அரசு நிற்கிறது. இங்கே நிற்பவர்கள் கடன் கொடுத்தவரும் இறால் வாங்கும் வியாபாரியும்தான். அப்படி நின்ற சீனாவுக்கும்கூடச் சட்டத்தின் ஆதரவு கிடைக்கவில்லை என்பதை பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12ஆம் தேதி வந்த நடுவர் மன்றத் தீர்ப்பு காட்டியது.

அதே தீர்ப்பில் நமக்கு மிக நெருங்கிய ஒரு பகுதி இருக்கிறது. தென்சீனக் கடலிலுள்ள ஸ்கார்பரோ திட்டு யாருக்குச் சொந்தம் என்பதைத் தொடாமலே, அதைச் சுற்றிய ஆட்சிக்கடலில் பிலிப்பைன்ஸ், சீனா இரண்டின் மீனவர்களுக்கும் பாரம்பரிய உரிமை உண்டு என்று மன்றம் ஏற்றுக்கொண்டது. பாரம்பரியம் என்று அது சொன்னது சிறு படகிலும் கைத்தொழில் முறையிலும் நடக்கும் மீன்பிடியைத்தான். எரித்திரியாவுக்கும் ஏமனுக்கும் இடையிலான வழக்கில் 1999இல் வந்த தீர்ப்பும் அதே பொருளில்தான் அந்தச் சொல்லைக் கையாண்டது. ஆக, நாளைக்கே ஒரு நடுவர் மன்றம் பாக் விரிகுடாவுக்கு அமைந்து, நம் வாதங்கள் அனைத்தையும் ஏற்றுக்கொண்டாலும், அதனால் பயன்பெறப்போவது பாம்பனிலிருந்து வல்லத்தில் போகும் நாட்டுப்படகு மீனவர்தான். கடலடியை வாரி இழுத்துவரும் வலையான இழுவை மடி கட்டிய விசைப்படகு இந்தக் கடலுக்கு 1960களில் வந்து சேர்ந்தது. அதைப் பாரம்பரியம் என்று எந்த மன்றத்திலும் நிறுவ இயலாது.

மறுகரையில் நடப்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் கைது நடவடிக்கை தளராமல் இருப்பதற்குக் காரணம் அங்கேதான் இருக்கிறது. மன்னார்த் தீவின் பேசாலையில் ஒரு மீனவர் மாலையில் செவுள் வலையைக் கடலில் விட்டுவிட்டு, விடியற்காலையில் எடுக்கப் போகிறார். இரவில் அந்த வழியாக இழுவைப் படகுகள் மடியை இழுத்துச் சென்றிருந்தால், அவர் கைக்கு வருவது அறுந்த கயிறும் சில மிதவைகளும் மட்டுமே. வலையோடு கடனும் சேர்ந்து போகிறது. இராமேஸ்வரத்து விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போவதும், அந்த இரவுகளில் தங்கள் வலை தப்பாது என்று வடக்கு மீனவர்கள் கரையிலேயே இருந்துவிடுவதும் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது. 1983 முதல் 2009 வரை போரினால் பெரும்பாலும் கடலுக்குப் போக முடியாதிருந்தவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில்தான் நம் படகுகள் அந்தக் கரைவரை போய்ப் பழகின. இலங்கையில் இழுவை மடியை முழுவதுமாகத் தடைசெய்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு முதலில் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் எம். ஏ. சுமந்திரன், அப்போது வடக்கின் தமிழ் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். சிங்கள அரசு தமிழ் மீனவனைப் பிடிக்கிறது என்று மட்டும் சொல்லி இதை முடித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தகவலை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பிடிபட்டால் நடப்பது இதுதான். அந்நிய மீன்பிடிப் படகுகள் பற்றிய இலங்கையின் 1979ஆம் ஆண்டுச் சட்டம் 2018இல் திருத்தப்பட்டு, அபராதம் படகின் நீளத்தைப் பொறுத்துப் பல மடங்கு உயர்த்தப்பட்டது. ஊர்காவற்றுறை, மன்னார் போன்ற நீதிமன்றங்களில் முதல் முறை பிடிபடும் தொழிலாளர்களுக்குப் பெரும்பாலும் ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை கிடைக்கும். விடுதலையாகி ஊர் திரும்பியதும் எல்லாம் முடிந்துவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தண்டனை சில ஆண்டுகள் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டே இருக்கும், அதற்குள் மறுபடி பிடிபட்டால் நேரே சிறைதான். 2024 தொடக்கத்திலிருந்து படகை ஓட்டிச்சென்றவர்களுக்கும் மறுமுறை பிடிபட்டவர்களுக்கும் சிறைத்தண்டனை விதிக்கப்படுவது வழக்கமாகியிருக்கிறது. படகைப் பொறுத்தவரை, உரிமையாளர் ஆவணங்களோடு நேரில் வருமாறு நீதிமன்றம் நாள் குறிக்கும். வராவிட்டால் படகு அரசுடைமையாகும். யாழ்ப்பாணத்தின் மயிலிட்டித் துறைமுகத்தில் மரப்பலகை பிளந்து, எஞ்சினுக்குள் உப்புநீர் ஏறி, பாதி மூழ்கிக் கிடந்த நம் படகுகளின் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சிலவற்றை 2022 பிப்ரவரியில் ஏலமே விட்டார்கள்.

மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறைத்தண்டனை கூடாது என்று ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73ஆவது பிரிவு சொல்கிறதே என்று சங்கத்தில் யாராவது சொல்லக்கூடும். அந்தப் பிரிவு பொருளாதார மண்டலத்துக்கு மட்டுமே உரியது. பாக் விரிகுடாவில் தன் பக்கத்தை இலங்கை வரலாற்று உள்நீராக அறிவித்திருப்பதால், அந்தப் பாதுகாப்பு இங்கே எட்டாது.

பணத்துக்கு வருகிறேன். இழுவை மடியை நம்பி வாங்கும் இரண்டாவது படகில் பங்கு போட வேண்டாம் என்பதே என் கருத்து. விசைப்படகு கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் மடி இழுக்கக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. எல்லைக் கோடோ இராமேஸ்வரத்துக்கு முன்னால் மிக அருகில் இருக்கிறது. இடையில் மிஞ்சும் குறுகிய பட்டையில் இத்தனை படகுகளுக்கு மீன் கிடையாது என்பது உங்கள் மைத்துனருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆகவே அந்தப் படகின் வரவு செலவுக் கணக்கு, கோடு தாண்டும் என்ற அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது. கடலுக்குப் போக மீன்வளத்துறை தரும் அனுமதிச் சீட்டான டோக்கனை வாங்கிப் போனாலும், அது கோட்டுக்கு இப்பால் மட்டுமே செல்லும். பிடிபட்ட படகுக்கு மாநில அரசு தரும் நிவாரணம் படகின் விலைக்கு ஈடாகாது. பங்குதாரராகிய உங்கள் பெயர் பதிவுச் சான்றில் இல்லாவிட்டால் அதிலும் உங்களுக்குப் பேச்சுரிமை இருக்காது. காப்பீட்டுப் பத்திரத்தில் அந்நிய அரசு பறிமுதல் செய்தால் இழப்பீடு உண்டா என்று எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

இழுவைப் படகை ஒப்படைத்துவிட்டு ஆழ்கடல் சூரைப் படகுக்கு மாறுவதற்கு 2017இல் ஒரு திட்டம் வந்தது. 80 லட்ச ரூபாய்ப் படகில் மத்திய அரசு பாதியும் மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கும் மானியமாகத் தர, மீதி வங்கிக் கடனும் சொந்தப் பணமும் என்பது அதன் அமைப்பு. மறுநாளே கரை திரும்பிப் பழகியவருக்கு வாரக்கணக்கில் கடலில் கிடப்பது எளிதல்ல, டீசல் செலவும் அதிகம் என்பதால் திட்டம் எதிர்பார்த்த வேகத்தில் போகவில்லை. இருந்தாலும் இன்றைய மானிய விதிகளை மீன்வளத்துறை அலுவலகத்தில் கேட்டறிந்து, உங்கள் மைத்துனர் அந்த வழியில் வருவதாக இருந்தால் பங்கு போடுவதைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் படகு எங்கே தொழில் செய்யும், கோடு தாண்டிப் பிடிபட்டால் இழப்பு யாருடையது என்பதைப் பங்கு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அம்மாவின் பயணத்துக்குக் கடவுச்சீட்டு வேண்டாம். அதுதான் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் 5ஆவது பிரிவில் இன்றும் உயிரோடு இருக்கும் பகுதி. திருவிழா பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும். சில வாரங்களுக்கு முன்பே விண்ணப்பம் தருவார்கள். அடையாள அட்டை நகலோடு நிரப்பிக் கொடுத்து, பதிவு செய்யப்பட்ட படகில் இராமேஸ்வரத்திலிருந்து போக வேண்டும். தீவில் குடிக்கும் தண்ணீர் அரிது. அம்மாவுக்கு வேண்டியதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.